அவுட்ரன் கேபினட்: வண்டி வலப்பக்கம் இழுக்கிறது, 293ஐயும் தொட மாட்டேன் என்கிறது

1. சுக்கான், நியூ ஜெர்சி

எல்லோருக்கும் வணக்கம். மூடப்போன ஒரு பீட்சா கடையிலிருந்து, செகாவின் அவுட்ரன் என்ற, காசு போட்டு ஆடும் கார் ஓட்டும் மெஷின் ஒன்றை வாங்கி ஐந்து மாதம் ஆகிறது. 1986ஆம் ஆண்டு ஆட்டம். நின்றுகொண்டே ஆடும் கேபினட், வண்டி மோதினால் வீல் கிடுகிடு என்று ஆடுமே, அந்த வகை. படம் சுத்தம், பாட்டும் சுத்தம். ஸ்டியரிங்தான் உயிரை வாங்குகிறது.

கையை எடுத்தால் வண்டி வலப்பக்கம் ஒதுங்கிப் புல்லில் இறங்கிவிடுகிறது. நேராகப் போக வேண்டுமென்றால் வீலைக் கடிகாரத்தில் பதினோரு மணி இருக்கும் இடத்துக்குத் திருப்பிப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். இடது வளைவில் முழுக்கத் திருப்பினாலும் சோம்பலாகத்தான் திரும்புகிறது. வலது வளைவில் வெண்ணெய் மாதிரி போகிறது.

இன்னொரு சந்தேகம், இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா தெரியவில்லை. ஹை கியரில், நேர் ரோட்டில், ஆக்சிலரேட்டரைத் தரையோடு அழுத்தினாலும் மணிக்கு 250 கிலோமீட்டருக்கு மேல் போக முக்குகிறது. இந்த ஆட்டத்தில் 293 வரவேண்டும் என்பது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

விற்றவரிடம் கேட்டேன். "ஸ்டியரிங் வால்யூம் தேய்ந்திருக்கும், இருபது டாலர் சாமான், மாற்றிவிடுங்கள்" என்றார் (வீல் எவ்வளவு திரும்பியது என்று சர்க்யூட் போர்டுக்குச் சொல்லும் பொட்டென்ஷியோமீட்டர்தான் வால்யூம்). வாங்கி மாட்டினேன். ஒரு மாற்றமும் இல்லை. அதே வலப்பக்கம், அதே புல்.

2. நாலாம்கியர், கோலாலம்பூர்

அண்ணே, தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு கேம் சென்டரில் மெக்கானிக்காக நான்கு வருடம் இருந்தேன். செகாவின் இன்னொரு கார் ஆட்டமான டேடோனாவை எட்டு சீட் கோர்த்து வைத்திருந்தார்கள். ஸ்கூல் விட்டு வரும் பையன்கள் கியர் கம்பியைப் பிடித்துத் தொங்குவார்கள், நான் பின்னால் ஸ்க்ரூடிரைவரோடு ஓடுவேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: புது வால்யூம் போட்டதும் வேலை முடிந்தது என்று நினைக்கக்கூடாது. அதை உட்கார வைப்பதில்தான் விஷயமே இருக்கிறது.

வீல் தண்டில் ஒரு பெரிய பல்சக்கரம், வால்யூம் தண்டில் ஒரு சின்னப் பல்சக்கரம். சின்னதை ஒரு கிரப் ஸ்க்ரூ, அதாவது தலையில்லாத சின்ன ஸ்க்ரூ, பிடித்திருக்கும். வீலை நடுவில் நிறுத்தி, அந்த ஸ்க்ரூவைத் தளர்த்தி, வால்யூம் தண்டை மட்டும் மெல்லத் திருப்ப வேண்டும். காசுப்பெட்டிக் கதவைத் திறந்தால் உள்ளே டெஸ்ட் பட்டன் இருக்கும். அழுத்தி, இன்புட் சோதனைக்குப் போனால் ஸ்டியரிங், ஆக்சிலரேட்டர், பிரேக் மூன்றுக்கும் திரையில் எண் ஓடும். ஸ்டியரிங் நடுவில் 80 காட்டவேண்டும். வந்ததும் ஸ்க்ரூவை இறுக்கிவிடுங்கள். பிந்தைய செகா ஆட்டங்களில் நடு இது, ஓரம் இது என்று மெனுவிலேயே பதிந்து வைக்கலாம். அவுட்ரனில் அந்த வசதி கிடையாது. கையால் திருப்பித்தான் ஆகவேண்டும்.

ஒரு எச்சரிக்கை. வீலை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பாருங்கள். வீலின் தடுப்புக்கட்டை முதலில் முட்டவேண்டும், வால்யூமின் உள் தடுப்பு முட்டக்கூடாது. ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டால், வீலை இழுக்கிற இழுப்பில் வால்யூம் உள்ளேயே உடைந்துவிடும். பெடலிலும் இதே கதைதான். பெடலை விட்டால் எண் 00க்கு வராமல் 30ஐ ஒட்டி நிற்பது இதற்காகத்தான், இரண்டு ஓரத்திலும் கொஞ்சம் இடம் விட்டு வைத்திருக்கிறார்கள்.

கியரையும் ஒரு தடவை பாருங்கள். ஹை போட்டும் உள்ளே லோவிலேயே நின்றால் வேகம் ஏறாது.

3. சுக்கான், நியூ ஜெர்சி

நாலாம்கியர் அண்ணா, வாழ்க! டெஸ்டில் ஸ்டியரிங் 93 காட்டியது. ஸ்க்ரூவைத் தளர்த்தி 80க்குக் கொண்டுவந்து இறுக்கினேன். இப்போது கையை விட்டால் நேராகப் போகிறது. இடது வளைவும் சரியாகிவிட்டது. கியர் சோதனையில் ஹை, லோ இரண்டும் மாறி மாறி ஒழுங்காகக் காட்டுகிறது.

வேகம் மட்டும் இன்னும் 250தான். ஸ்டியரிங் முடிந்தது, அது வேறு பிரச்சினை போல. ஆக்சிலரேட்டருக்கும் ஒரு புது வால்யூம் வாங்கிவிடலாமா?

4. சுழல்தட்டு, டொராண்டோ

இழைக்குள் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னிடம் இருப்பது 1982இல் நாம்கோ செய்து, இங்கே அடாரி விற்ற போல் பொசிஷன். நின்று ஆடும் கேபினட். வீல் முடிவே இல்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது, நடுவுக்கு வருவதே இல்லை. தடுப்புக்கட்டை உடைந்துவிட்டதா? அதோடு, வண்டி சில சமயம் திருப்புவதைக் கேட்கிறது, சில சமயம் நின்ற இடத்திலேயே நடுங்குகிறது.

5. நாலாம்கியர், கோலாலம்பூர்

சுழல்தட்டு, உங்கள் வீலில் எதுவும் உடையவில்லை. அது சுற்றிக்கொண்டே இருக்கத்தான் செய்தது. அதில் வால்யூமே கிடையாது. வீல் தண்டில் பிளவு பிளவாக வெட்டிய ஒரு தட்டு, அதன் இரு பக்கமும் ஒளி விடும் எல்ஈடியும் ஒளியைப் பார்க்கும் சென்சாரும். சென்சார் இரண்டு இருக்கும், ஒன்றுக்கொன்று அரைப் பிளவு அகலம் தள்ளி. எது முதலில் மறைகிறது என்பதை வைத்துத்தான் இடமா வலமா என்று போர்டு கண்டுபிடிக்கிறது. ஒன்று குருடானால் போர்டுக்குத் திசை தெரியாது. வண்டி அங்கேயும் இங்கேயும் நடுங்குவது அதனால்தான்.

பெரும்பாலும் தூசுதான். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் காது குடையும் பஞ்சுக் குச்சியை நனைத்து இரண்டு சென்சாரையும் துடைத்துவிட்டு, வீலை மிக மெதுவாகத் திருப்பி, ஒவ்வொரு சென்சாரின் வெளிவரும் ஒயரிலும் மீட்டரை வைத்துப் பாருங்கள். கீழே, மேலே, கீழே, மேலே என்று வோல்ட் தாவவேண்டும். ஒன்று தாவி, இன்னொன்று அசையாமல் நின்றால் ஆள் அகப்பட்டான். தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்து, தட்டு சென்சாரில் உரசுகிறதா என்றும் பாருங்கள், அதுவும் நடக்கும்.

6. வால்வுரேடியோ, மதுரை

நான் இந்த விளையாட்டு மெஷினைக் கண்ணால் பார்த்ததில்லை. நாற்பது வருடம் ரேடியோ, டிவி ரிப்பேர் பார்த்தவன். பேரன் இந்த இழையைக் காட்டினான். வால்யூம் என்ற சொல்லைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன். நாங்களும் அதைத்தான் வால்யூம் என்போம்.

சுக்கான் தம்பி, அடுத்த சாமான் வாங்குவதற்கு முன் மூன்று எண் கொடுங்கள். பெடல் இரண்டையும் தொடாமல் விட்டால் திரையில் ஆக்சிலரேட்டர் எவ்வளவு, பிரேக் எவ்வளவு? ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால் எவ்வளவு?

7. சுக்கான், நியூ ஜெர்சி

ஐயா, தொடாமல் விட்டால் இரண்டுமே 50. முழுக்க மிதித்தால் ஏ1 என்று வருகிறது. எண்ணுக்கு நடுவில் எழுத்து எப்படி வந்தது? திரையிலும் கோளாறா?

8. சிப்மாற்று, பெங்களூரு

50 என்றால் நூற்றில் பாதி. பெடல் பாதி மிதித்தபடி நிற்கிறது என்று போர்டு நினைக்கிறது. எழுத்து வேறு வருகிறது. மூன்று வால்யூமையும் படிப்பது, வோல்ட்டை எண்ணாக மாற்றும் ஒரே ஏடிசி சிப்தான், மாற்றி மாற்றிப் படிக்கும். மூன்றும் சேர்ந்து தப்பாக வருகிறதென்றால் சிப் போய்விட்டது, அவ்வளவுதான். 0804 சிப், விலையும் அதிகமில்லை. கழற்றி மாற்றுங்கள்.

9. வால்வுரேடியோ, மதுரை

திரையில் கோளாறு இல்லை. அது பதினாறாம் அடி எண். 9க்கு அப்புறம் ஏ, பி, சி என்று எஃப் வரை போய்த்தான் அடுத்த இலக்கம் ஏறும். ஏ என்றால் பத்து. ஆக ஏ1 என்பது பத்து பதினாறு 160, கூட ஒன்று, 161. திரையில் 80 என்பது 128. மொத்த அளவு 0 முதல் 255 வரை, அதில் 128தான் சரிபாதி. அதனால்தான் நடுவுக்கு அந்த எண்ணை வைத்திருக்கிறார்கள்.

இப்போது உங்கள் எண்களைப் போட்டுப் பார்ப்போம். பெடலை விட்டால் 30, அதாவது 48 வரவேண்டும் என்று நாலாம்கியர் சொல்கிறார். உங்களுக்கு வருவது 50, அதாவது 80. ஸ்டியரிங் முதலில் காட்டியது 93, அதாவது 147. வரவேண்டியது 128. முழு மிதியில் எவ்வளவு வரவேண்டும், நாலாம்கியர்?

10. நாலாம்கியர், கோலாலம்பூர்

சுமார் 90 ஐயா. உங்கள் கணக்கில் 144.

11. வால்வுரேடியோ, மதுரை

ஆக 48 இருக்கவேண்டிய இடத்தில் 80. கூடுதல் 32. 128 இருக்கவேண்டிய இடத்தில் 147. கூடுதல் 19. 144 இருக்கவேண்டிய இடத்தில் 161. கூடுதல் 17. மூன்றும் மேலே ஏறியிருக்கின்றன. கீழே இருக்கும் எண் அதிகமாக ஏறியிருக்கிறது, மேலே போகப் போக ஏற்றம் குறைகிறது. ஒரு நாற்காலியின் ஒரு காலுக்குக் கீழே மட்டும் செங்கல் வைத்த மாதிரி.

வால்யூம் தேய்ந்தால் இப்படி வராது. தேய்ந்த வால்யூம் நடுவில் குதிக்கும், நடுங்கும், ஒரு இடத்தில் செத்துப்போகும். மூன்று வால்யூமும் ஒரே நாளில் பேசி வைத்துக்கொண்டு ஒரே கணக்கில் தேயவும் தேயாது. மூன்றுக்கும் பொதுவான ஒன்றில்தான் கோளாறு.

வால்யூம் ஒவ்வொன்றுக்கும் மூன்று கால். ஒரு ஓரம் 5 வோல்ட், ஒரு ஓரம் கிரவுண்டு, நடுக்காலிலிருந்து போர்டுக்குப் போகும். மூன்றின் கிரவுண்டும் ஒரே ஒயரில் சேர்ந்து போர்டுக்குப் போகும் என்று நினைக்கிறேன். அந்த ஒயர் வழியில் எங்கோ கரகரவென்று இருக்கிறது. அதனால் கிரவுண்டு கால் பூச்சியத்தில் உட்காராமல் மேலே மிதக்கிறது. அதுதான் அந்தச் செங்கல்.

தம்பி, ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் ஸ்டியரிங் சரியாகவில்லை. கோளாறு இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதற்கு ஏற்ற மாதிரி பல்சக்கரத்தைத் தள்ளி வைத்து மூடிவிட்டீர்கள்.

12. நாலாம்கியர், கோலாலம்பூர்

ஐயா, தப்பு என்மேல்தான். 93 என்று அவர் எழுதியபோதே பெடல் எண்ணையும் கேட்டிருக்க வேண்டும். கேம் சென்டரில் வரிசையில் பையன்கள் காசோடு நிற்பார்கள், ஓனர் தலைக்கு மேலே நிற்பார், 80 வந்தால் மூடிவிட்டு அடுத்த மெஷினுக்கு ஓடிவிடுவோம். அந்தப் பழக்கம்.

வேகத்துக்கும் காரணம் தெரிந்துவிட்டது. பிரேக் 48இலிருந்து 144 வரை. இவருக்குக் காலே வைக்காமல் 80. மூன்றில் ஒரு பங்கு பிரேக் போட்டபடியே 293 எங்கே வரும்? சுக்கான் அண்ணே, ஸ்டார்ட் லைனில் கொடி விழுவதற்கு முன், பெடலைத் தொடாமலே, எஞ்சின் சுற்று வேகம் காட்டும் ஆர்பிஎம் பட்டை கொஞ்சம் ஏறி நிற்கிறதா?

13. சுக்கான், நியூ ஜெர்சி

ஆமாம்! நிற்கிறது! அது ஆட்டத்தில் ஓர் அழகு என்று இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். எஞ்சின் உறுமுகிறதாம்.

ஆனால் ஐயா, புது வால்யூம் மாட்டிய அன்றே மீட்டரில் பீப் வைத்து எல்லா ஒயரையும் பார்த்தேன். கிரவுண்டு ஒயரும் பீப் அடித்ததே.

14. சிப்மாற்று, பெங்களூரு

பீப் அடித்தால் ஒயர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். நான்தான் சொன்னேனே, சிப்.

15. வால்வுரேடியோ, மதுரை

சிப்மாற்று சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. மூன்றுக்கும் பொது என்று பார்த்தால் சிப்பும் பொதுதான். அதனால் வாதம் வேண்டாம், மீட்டரையே கேட்போம்.

பீப் சோதனையில் ஒரு ஏமாற்று உண்டு. மெஷினை அணைத்து, கனெக்டரின் பின்பக்கம் மீட்டர் முனையைச் செருகும்போது, அந்த அழுத்தத்திலேயே உள்ளிருக்கும் பின் நகர்ந்து ஒட்டிக்கொள்ளும். பீப் அடிக்கும். கையை எடுத்ததும் பழைய குருடி கதவைத் திறடி. ஓடுகிற மெஷினில், கனெக்டரைத் தொடாமல் அளக்கவேண்டும்.

மெஷின் ஓடட்டும், டெஸ்ட் திரை இருக்கட்டும். மீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். கருப்பு முனை போர்டின் கிரவுண்டில். சிவப்பு முனையால் ஆக்சிலரேட்டர் வால்யூமின் மூன்று காலையும் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணை எழுதுங்கள். நடுக்கால் வோல்ட்டும் திரையில் வரும் எண்ணும் ஒத்துப்போனால் சிப் யோக்கியன். ஒத்துப்போகாவிட்டால் நான் சிப்மாற்றிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

கை வைக்கும் முன் ஒன்று. பிக்சர் ட்யூப் பக்கம், அந்தத் தடித்த சிவப்பு ஒயர் போய்ச் சேரும் ரப்பர் தொப்பி பக்கம், போகவே வேண்டாம். இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் இருக்கும், அணைத்த பிறகும் தங்கியிருக்கும். கரண்டு வரும் டிரான்ஸ்பார்மர் பக்கமும் வேண்டாம். மோதிரம், கைச்சங்கிலி கழற்றிவிடுங்கள். இடது கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஒரு கையால் அளக்கப் பழகுங்கள். என் வாத்தியார் இடது கையை வெளியே கண்டால் ஸ்கேலால் அடிப்பார்.

16. சுக்கான், நியூ ஜெர்சி

கருப்பு முனையை முதலை கிளிப்பில் மாட்டிவிட்டு, இடது கையைப் பைக்குள் வைத்துக்கொண்டு அளந்தேன். மனைவி மாடிப்படியில் நின்று பார்த்து, முதுகு பிடித்துக்கொண்டதா என்று கேட்டாள்.

போர்டில் 5.02 வோல்ட். வால்யூமின் 5 வோல்ட் காலில் 5.00. நடுக்காலில் 1.56. கிரவுண்டு காலில் 0.76.

17. வால்வுரேடியோ, மதுரை

திரையில் 50, அதாவது 80. 80ஐ 255ஆல் வகுத்து 5ஆல் பெருக்குங்கள். 1.57 வரும். மீட்டர் சொன்னது 1.56. சிப்புக்கு என்ன வோல்ட் கிடைக்கிறதோ அதை அப்படியே ஒப்பிக்கிறது.

கிரவுண்டு காலில் 0.76 இருப்பது அநியாயம். அங்கே பூச்சியம் இருக்கவேண்டும், போனால் போகட்டும் என்று நூறில் ஒன்றிரண்டு வோல்ட். மூன்று 5 கிலோ ஓம் வால்யூமும் பக்க இணைப்பில் இருந்தால் சேர்த்து 1667 ஓம். அதன்மேல் 4.24 வோல்ட் விழுகிறது, மீதி 0.76 கிரவுண்டு ஒயரில் விழுகிறது. கணக்குப் போட்டால் வழியில் சுமார் 300 ஓம் உட்கார்ந்திருக்கிறது. முழ நீள ஒயரில் ஒரு ஓம்கூட இருக்கக்கூடாது.

அப்படியே கருப்பு முனையை நகர்த்தாமல், சிவப்பு முனையால் கிரவுண்டு ஒயரைப் பிடித்துக்கொண்டு வால்யூமிலிருந்து போர்டு நோக்கி வாருங்கள். ஒவ்வொரு கனெக்டருக்கும் முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை. எங்கே 0.7 பட்டென்று விழுந்து பூச்சியத்துக்கு அருகில் வருகிறதோ, அந்த இரண்டு இடத்துக்கு நடுவில் திருடன். கனெக்டரை அமுக்காதீர்கள், ஒயரைத்தான் தொடவேண்டும். காப்பு உரியாத ஒயரில் குண்டூசியைக் குத்தி அதன்மேல் முனையை வைக்கலாம்.

18. சிப்மாற்று, பெங்களூரு

ஒப்புக்கொள்கிறேன், சிப் இல்லை. அளக்காமல் சொல்லிவிட்டேன். 0.76க்கு என்னிடம் பதில் இல்லை.

19. சுக்கான், நியூ ஜெர்சி

கிடைத்துவிட்டது. கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், எனக்கு இன்னும் கை நடுங்குகிறது.

பெடல் பெட்டியிலிருந்து வரும் ஒயர்க்கட்டு, ஸ்டியரிங் ஒயரோடு கன்ட்ரோல் பேனலுக்கு அடியில் சேர்ந்து, அங்கே ஒரு வெள்ளைக் கனெக்டர் வழியாகக் கேபினட்டுக்குள் போகிறது. பெடல் பக்கம் 0.76. கனெக்டருக்கு முன்னால் 0.75. கனெக்டரைத் தாண்டி, கால் அங்குலம் தள்ளிக் குத்தினால் 0.02.

அணைத்துவிட்டு இழுத்தேன். வரவில்லை. ஆட்டி ஆட்டி இழுத்ததும் ஏதோ மிட்டாய் பிரிவது மாதிரி ஒரு சத்தத்தோடு வந்தது. வெள்ளை பிளாஸ்டிக்கின் ஒரு மூலை மட்டும் தேன் நிறத்தில் இருந்தது. விரல் வைத்தால் ஒட்டுகிறது. மேலே பார்த்தால் நேர் உச்சியில் பேனலின் விளிம்பு. பீட்சா கடையில் யாரோ, எந்த வருடமோ, கோலா டம்ளரை ஸ்டியரிங் பக்கத்தில் வைத்து ஆடியிருக்கிறார். கிரவுண்டு பின்னில் பச்சைக் களிம்பு ஏறி, பக்கத்துப் பின்னை விடத் தடியாகத் தெரிந்தது. அது செருகும் பெண் பின்னின் இரண்டு உதடும் அகன்று, பிடிமானமே இல்லாமல் கிடந்தது.

உடனே வெட்டிவிடவில்லை ஐயா. கனெக்டரைத் திரும்பச் செருகி, மெஷினைப் போட்டு, டெஸ்ட் திரையைப் பார்த்தபடியே ஒரு முதலை கிளிப் ஒயரால் கனெக்டரைத் தாண்டிப் பாலம் போட்டேன். கிளிப் பட்ட நொடியில் ஆக்சிலரேட்டர் 50இலிருந்து 30. பிரேக் 50இலிருந்து 30. கிளிப்பை எடுத்தால் 50. வைத்தால் 30. ஒரு இருபது தடவை எடுத்து எடுத்து வைத்தேன்.

ஸ்டியரிங் மட்டும் ஏமாற்றிவிட்டது. 80இலிருந்து 69க்கு இறங்கி நிற்கிறது. இங்கும் ஏதாவது உள்ளதா?

20. வால்வுரேடியோ, மதுரை

அது நீங்களே வைத்த வினை. செங்கல் இருக்கும்போது நாற்காலியைச் சமமாக்க, செங்கல்மேல் நின்ற காலை அறுத்தீர்கள், இப்போது செங்கலை எடுத்ததும் அந்தப் பக்கம் சாய்கிறது. திரையில் 69 என்றால் 105. நான் காகிதத்தில் போட்டதும் சரியாக அதே 105தான் வருகிறது. பல்சக்கரத்தைத் திரும்பத் தளர்த்தி 80க்குக் கொண்டுவாருங்கள்.

கனெக்டரில் என்ன செய்யப்போகிறீர்கள்?

21. நாலாம்கியர், கோலாலம்பூர்

அண்ணே, ஸ்ப்ரே அடித்து விட்டுவிடாதீர்கள். களிம்பு போகும், அகன்ற உதடு சேராது. ஒரு மாதம் கழித்து இதே இழைக்கு வருவீர்கள். பின்னை வெளியே தள்ளும் சின்னக் கருவி கிடைக்கும், கிரவுண்டு ஆண் பின், பெண் பின் இரண்டையும் தள்ளி எடுத்து, ஒயர் முனையில் செம்பு பளபளவென்று தெரியும் வரை வெட்டி, புதுப் பின் வைத்து, அதற்கான கருவியால் ஒயரோடு இறுக அழுத்திக் கிரிம்ப் செய்யுங்கள். கட்டிங் பிளேயரால் நசுக்குவது கிரிம்ப் ஆகாது. நான் அப்படி நசுக்கிய பின் ஒன்று டேடோனா மெஷினில் ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழு மணிக்குக் கழன்றது. ஓனர் பேசியதை இங்கே எழுத முடியாது.

கருகிப்போன பக்கத்துப் பின்களையும் கையோடு மாற்றிவிடுங்கள். அதே கோலாதான் அங்கும் போயிருக்கும்.

22. சுழல்தட்டு, டொராண்டோ

நாலாம்கியர், ஒரு சென்சார் கண்ணுக்குள் பஞ்சு மாதிரி தூசு. துடைத்ததும் இரண்டும் தாவுகின்றன. வண்டி நான் சொல்வதைக் கேட்கிறது. வீல் முடிவில்லாமல் சுற்றுவதும் இப்போது பிடித்துப்போய்விட்டது. ஒரே ஒரு கேள்வி. என் கேபினட்டில் பெடல் ஒன்றுதான் இருக்கிறது. பிரேக்கை யாராவது கழற்றி விற்றுவிட்டார்களா?

23. நாலாம்கியர், கோலாலம்பூர்

இல்லை, நின்று ஆடுவதில் ஆக்சிலரேட்டர் மட்டும்தான். உட்கார்ந்து ஆடும் கேபினட்டில்தான் பிரேக்கும் உண்டு. காலை எடுத்தால் வேகம் குறையும், லோ கியர் போட்டால் இன்னும் குறையும். சமாளியுங்கள்.

24. சுக்கான், நியூ ஜெர்சி

பின் வந்துசேர ஆறு நாள் ஆனது. நேற்று இரவு எட்டுப் பின்னையும் மாற்றி, பிளாஸ்டிக்கை வெந்நீரில் ஊறவைத்துக் கழுவிக் காயவைத்து மாட்டினேன். கிரவுண்டு காலில் இப்போது 0.01 வோல்ட். ஸ்டியரிங்கை 80க்குத் திரும்ப வைத்தேன். இடது கடைசியில் 20, வலது கடைசியில் ஈ0, பெடல் விட்டால் 30, மிதித்தால் 90. மெஷினை இரண்டு மணி நேரம் ஓடவிட்டுத் திரும்பப் பார்த்தேன், ஒரு எண்ணும் நகரவில்லை.

ஸ்டார்ட் லைனில் ஆர்பிஎம் பட்டை இப்போது அடியோடு படுத்திருக்கிறது. கொடி விழுந்து, லோவிலிருந்து ஹை மாற்றி, கடற்கரை ரோட்டில் பனைமரம் எல்லாம் பறக்க, 280, 288, 293. அங்கேயே நின்றது. சத்தம் போட்டுவிட்டேன். மேலே தூங்கிக்கொண்டிருந்த மகள் எழுந்து வந்துவிட்டாள். அவளுக்கு ஒரு ஆட்டம் கொடுக்க வேண்டியதாயிற்று. முதல் பிரிவிலேயே இடது ரோடு பிடித்து, என்னை விட ஒரு கட்டம் கூடுதலாகப் போனாள்.

ஐயா, இன்னொன்று. முதலில் கழற்றிப் போட்ட பழைய வால்யூமைக் குப்பையில் தேடி எடுத்து அளந்தேன். ஓரத்துக்கு ஓரம் 4.9 கிலோ ஓம். நடுக்காலில் முனையை வைத்து மெல்லச் சுற்றினால் எண் ஒரு இடத்திலும் குதிக்கவில்லை.

25. வால்வுரேடியோ, மதுரை

நல்ல வால்யூம். துடைத்து, தேதி எழுதி, டப்பாவில் போட்டு வையுங்கள். பெடல் வால்யூமும் 5 கிலோ ஓம்தான், என்றாவது தேவைப்படும். தண்டின் நீளம் ஒத்துவருமா என்று மட்டும் இப்போதே அளந்து வைத்துக்கொள்ளுங்கள். கடையில் வாங்கும்போது 5 கே என்று மட்டும் கேட்டு வாங்கிவிடாதீர்கள், பி எழுத்துப் போட்டதா என்று பாருங்கள். ஏ எழுத்து வால்யூம் பாட்டுச் சத்தத்துக்கு உள்ளது, சீராக ஏறாது. அதை ஸ்டியரிங்கில் போட்டால் தண்டை நடுவில் வைத்தாலும் எண் நடுவில் நிற்காது, வண்டி திரும்பவும் புல்லுக்குத்தான் போகும்.

பேரன் கேட்கிறான், அந்த மெஷின் என்ன விலை என்று. நான் காதில் விழாத மாதிரி இருக்கிறேன்.